குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லியிருப்பவை அமெரிக்க முறையைச் சார்ந்தவை. அங்கே ஸ்கீ (காலுக்கு ஒன்றாக மாட்டிச் சறுக்கும் இரண்டு நீண்ட பட்டைகள்) பயிற்றுநர்களுக்கான தொழில்முறைச் சங்கம் 1961-இல் தொடங்கியது, பி.எஸ்.ஐ.ஏ. என்று சொல்வார்கள். ஸ்னோபோர்டு (இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது) பயிற்றுநர்களுக்கான ஏ.ஏ.எஸ்.ஐ. 1997-இல் வந்தது. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. தேர்வுகளை நடத்துவது பிராந்தியக் கிளைகள். ஆகவே நாட்கள், கட்டணம், முன்தகுதி ஆகியவை கிளைக்குக் கிளை கொஞ்சம் மாறும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் கிளையின் அந்த ஆண்டு அட்டவணையைப் பாருங்கள்.

சான்றிதழ் இல்லாமல் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா?

முடியும். சான்றிதழ் கட்டாயம் என்று அமெரிக்காவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பெரும்பாலோர் சான்றிதழ் இல்லாமல்தான் வேலைக்குச் சேர்கிறார்கள். சீசன் தொடங்குவதற்கு முன் ஸ்கீ பள்ளியே சில நாள் பயிற்சி தரும். பிறகு அனுபவமுள்ள பயிற்றுநரின் வகுப்பில் உடனிருந்து பார்க்கவேண்டும். அதன்பின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உங்கள் கையில் வந்துவிடுவார்கள். மிகக் கடினமான வயதை மிகப் புதியவர்களிடம் கொடுக்கும் இந்த வழக்கம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆனால் நடப்பு அதுதான்.

சான்றிதழ் வேண்டாம் என்பதால் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கலாம் என்று நினைக்கவேண்டாம். மேற்குப் பகுதியின் பெரிய மலைகள் பல, வனத்துறையின் நிலத்தில் சிறப்பு அனுமதி பெற்று நடத்தப்படுகின்றன. அங்கே கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் உரிமை அனுமதி பெற்ற நிறுவனத்தின் பள்ளிக்கு மட்டுமே. நண்பரின் பிள்ளைக்கு வாரந்தோறும் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கான பாஸைப் பறித்துவிடுவார்கள். பிரான்ஸில் நிலைமை இன்னும் கறார்: கூலிக்குக் கற்பிக்க வேண்டுமானால் அரசின் தகுதிப் பட்டயமோ அதற்கான பயிற்சியில் இருப்பதோ சட்டப்படி வேண்டும்.

படிநிலைகள் என்னென்ன? குழந்தைகளுக்கான தகுதி அதில் எங்கே வருகிறது?

அடிப்படைச் சான்றிதழ் மூன்று நிலைகள்: நிலை 1, நிலை 2, நிலை 3. முதல் நிலை, புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கற்பிக்க. இரண்டாவது, நடுத்தரத் திறனுள்ளவர்கள் வரை. மூன்றாவது, தேர்ந்தவர்களுக்கும். நிலை 1-க்குக் குறைந்தபட்ச வயது 16.

இதற்குப் பக்கத்தில் தனியாக ஓடுவது குழந்தைச் சிறப்புத் தகுதி. அதில் முதல் தகுதியைப் பெற ஸ்கீ, ஸ்னோபோர்டு போன்ற ஏதேனும் ஒரு பிரிவில் நிலை 1 கையில் இருக்கவேண்டும். இரண்டாவதற்குப் பொதுவாக முதல் தகுதியோடு நிலை 2-உம். குழந்தைத் தகுதி இருப்பதால் நிலை உயராது. நிலை 3 இருப்பதால் குழந்தைத் தகுதி தானாகவும் வந்துவிடாது. கறுப்பு வைரக் குறியிட்ட மிகக் கடினமான ஓட்டங்களில் (சறுக்குச் சரிவுகளில்) அம்புபோல் இறங்கும் ஆள், நான்கு வயதுக் குழந்தை பூட் காலணியைக் கழற்றி எறிந்து அழும்போது விழித்துக்கொண்டு நிற்பது எல்லா மலையிலும் காணும் காட்சி.

நிலை 1-க்கு எவ்வளவு நன்றாகச் சறுக்கத் தெரியவேண்டும்?

பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. எளிய நீல (நடுத்தரக் கடினமுள்ள) ஓட்டத்தில் வேகத்தைக் கட்டுக்குள் வைத்து, தொடர்ச்சியாகத் திரும்பி இறங்கத் தெரியவேண்டும். அதைவிட முக்கியம், மெதுவாகச் செய்து காட்டுவது: ஆப்பு வடிவத் திருப்பம் (ஸ்கீ முனைகள் சேர்ந்து, வால்கள் விரிந்த நிலையில்), ஆப்பில் தொடங்கி இணையாக முடியும் திருப்பம், எளிய இணைத் திருப்பம். வேகமாகப் போகிறவர்கள் தடுமாறும் இடமே இந்த மெதுவான ஆப்பு. வேகம் மறைத்துவைத்த பிழைகள் அங்கே வெளியே வந்துவிடும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பச்சை (மிக எளிய) ஓட்டத்தில் தினமும் அரைமணி நேரம் ஆப்புத் திருப்பம் பழகுங்கள். கூச்சப்படவேண்டாம்; மூத்த தேர்வாளர்களும் அதையே செய்கிறார்கள்.

குழந்தைத் தகுதித் தேர்வில் உண்மையில் என்ன நடக்கும்?

முதலில் இணையவழிப் பாடமும் ஒரு பயிற்சி ஏடும். ஏட்டை எழுதி முடித்துக் கொண்டுபோகவேண்டும். முந்தின நாள் இரவு உட்கார்ந்து நிரப்புகிறவர்கள் அதிகம். தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்டதும் தெரிந்துவிடும். ஏட்டை வகுப்புகளுக்கு நடுவே எழுதுவதுதான் சரி. இன்று பார்த்த ஆறு வயதுப் பையன் ஏன் இடதுபக்கம் மட்டும் திரும்பினான் என்று அன்றைக்கே எழுதினால் அது உங்கள் சொந்த அறிவாகிவிடும்.

பிறகு பனியில் மதிப்பீடு, பெரும்பாலும் இரண்டு நாள். ஒரு வயதும் ஒரு திறனும் கொடுப்பார்கள்: "ஐந்து வயது, முதல் முறை நாற்காலி லிஃப்டில் வந்திருக்கிறாள், திருப்பத்தை முடிக்காமல் நேராக ஓடுகிறாள்" என்பதுபோல. சக தேர்வர்களையே குழந்தைகளாகப் பாவித்து அதற்கேற்பப் பாடம் நடத்தவேண்டும். மலையில் போய்க்கொண்டிருக்கும் உண்மையான குழந்தைகளைக் காட்டி, அவர்கள் உடல் என்ன செய்கிறது, ஏன், அடுத்து என்ன கொடுப்பீர்கள் என்றும் கேட்பார்கள். இது தனியாகச் சொல்லவேண்டிய திறன்: பார்த்ததைச் சொல்வது, காரணத்தைச் சொல்வது, மருந்தைச் சொல்வது. மூன்றையும் அந்த வரிசையில் சொல்லிப் பழகுங்கள். நேரே மருந்துக்குத் தாவுகிறவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

மதிப்பிடுவது மூன்று தளங்களில்: மனிதரோடு பழகுதல், கற்பித்தல், சறுக்கு நுட்பம். மதிப்பெண் 1 முதல் 6 வரை. தேறுவதற்கான கோடு 4. ஒன்றில் சிகரம் தொட்டு மற்றொன்றில் சறுக்கிவிட்டால் சமன்செய்ய முடியாது.

தோற்பவர்கள் எதனால் தோற்கிறார்கள்?

முதல் காரணம், விளையாட்டுக்கும் நுட்பத்துக்கும் முடிச்சு இல்லாதது. "எல்லோரும் விமானம்போல் கைகளை விரியுங்கள்" என்று சொல்வது எளிது. அந்த விமானம் எதற்கு? திருப்பத்தின் வெளிப்புறச் சிறகு பனியைத் தொட முயலவேண்டும் என்று சொன்னால், எடை வெளிப்புற ஸ்கீக்குப் போகும், அதுதான் பாடம். சிறகை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் மோட்டார்சைக்கிள் ஓட்டுவதுபோல் உள்பக்கம் சாய்வார்கள். அதே விளையாட்டு அப்போது எதிர்விளைவைத் தரும்.

இரண்டாவது, பேச்சு. ஐந்து வயதுக் குழந்தை பனியில் நின்றுகொண்டு உங்கள் விளக்கத்தை இருபது விநாடிக்கு மேல் கேட்காது. மூன்றாவது, கோட்பாட்டை ஒப்பிப்பது. உளவியலாளர்கள் பியாஜே, மாஸ்லோ, கோல்பெர்க் ஆகியோரின் கருத்துகள் பாடத்தில் உண்டு. பெயரும் கட்டமும் சொன்னால் போதாது. அதனால் உங்கள் பாடத்தில் எது மாறியது என்று காட்டவேண்டும். நான்காவது, எந்த வயதைக் கொடுத்தாலும் ஒரே கீச்சுக்குரலில் கொஞ்சுவது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது அவமானம்.

குழந்தை ஏன் எப்போதும் பின்னால் சாய்ந்தே நிற்கிறது? "முட்டியை மடக்கு" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லையே?

கேட்காததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, உடலமைப்பு. வளர்ந்தவரின் தலை உயரத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஐந்து வயதில் சுமார் ஆறில் ஒரு பங்கு. அதன்மேல் ஹெல்மெட் வேறு. எடையின் மையம் மேலே இருக்கிறது. தசைகள் நடுவிலிருந்து வெளிநோக்கியும், பெரியவை முதலிலும் சிறியவை பின்பும் கட்டுப்பாட்டுக்கு வருகின்றன. தொடையும் இடுப்பும் சொன்னபடி கேட்கும்; கணுக்கால் கேட்காது. பதினெட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை பிளாஸ்டிக் பூட்டை முன்னால் அழுத்தி வளைக்கவும் முடியாது. எனவே பூட்டின் பின்பக்கத்தில் கெண்டைக்காலைச் சாய்த்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் வைத்து, முதுகை முன்னால் வளைத்துச் சமன்செய்துகொள்கிறது.

பயிற்சியில் இதை "நிஜ அசைவு", "இலட்சிய அசைவு" என்று பிரித்துச் சொல்வார்கள். பெரியவரின் படத்தை வைத்துக்கொண்டு குழந்தையைத் திருத்தக்கூடாது. அந்த வயதில் அந்த உடலால் எது முடியுமோ அதுவே அதற்கு இலட்சியம். பாதத்துக்கு மேலே இடுப்பு வந்து, இரண்டு ஸ்கீயும் வழிக்கு வந்தால் போதும்.

"முட்டியை மடக்கு" என்றால் குழந்தை நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரும்; இன்னும் பின்னால் போகும். மாறாக, சமதளத்தில் ஸ்கீயோடு குதிக்கச் சொல்லுங்கள். பின்னால் சாய்ந்தபடி யாராலும் குதிக்க முடியாது. நகர்ந்துகொண்டே குதிப்பது, ஒற்றைக் காலைத் தூக்குவது, கையை முன்னால் நீட்டிப் பெரிய பானையைக் கட்டிப்பிடிப்பதுபோல் வைத்துக்கொள்வது: இவை சொல்லாமலே உடலை நடுவுக்குக் கொண்டுவரும். சில நேரம் பிழை குழந்தையிடம் இருக்காது. வாடகைக் கடையில் ஒரு அளவு பெரிய பூட்டைக் கொடுத்திருப்பார்கள்.

வயதுக்கு வயது பாடம் எப்படி மாறவேண்டும்?

மூன்றிலிருந்து ஆறு வரை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. நீங்கள் பார்க்கும் இடத்திலிருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்று இந்த வயதுக்குக் கற்பனை செய்ய வராது. நீங்கள் எதிரே நின்று "வலதுபக்கம்" என்று கை காட்டினால் குழப்பம்தான். ஒன்று, முதுகைக் காட்டி முன்னால் போங்கள். அல்லது "அந்தச் சிவப்பு வேலியைப் பார்த்து", "அந்த மரத்தைப் பார்த்து" என்று இடம் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் பார்க்கும் திசையில்தான் போவார்கள். கீழே பார்த்தால் கீழே. விளையாட்டு, பயிற்சி, சாகசம், சுருக்கம் என்ற சுழற்சி குழந்தைகளுக்காகவே சொல்லித்தரப்படுகிறது. முதலில் பொருளை விளையாடிப் பார்க்கட்டும், பிறகு நீங்கள் ஒரு அசைவைப் பழக்குங்கள், அதை மரங்களின் ஓரத்து வழியிலோ சிறு மேடுகளிலோ பயன்படுத்தட்டும், கடைசியில் அவர்களே சொல்லட்டும்.

ஏழு முதல் பதினொன்று வரை விதியும் நியாயமும் தலைதூக்கும். "அவனுக்கு மட்டும் இரண்டு முறை முதலில் போக விட்டீர்கள்" என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். முன்னால் போகும் முறையை வரிசைப்படி மாற்றுங்கள், அதை அறிவித்துவிடுங்கள். இரண்டு, மூன்று படிகள் கொண்ட பணியைச் செய்ய முடியும்; எத்தனை திருப்பம் என்று எண்ணச் சொல்லலாம்.

பன்னிரண்டுக்கு மேல் காரணத்தை விளக்கலாம். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் தனியாளைத் திருத்தாதீர்கள். லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

"பீட்சா" பிடித்துக்கொண்டு நேராக இறங்கும் குழந்தையைத் திருப்ப வைப்பது எப்படி?

ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து வால்களை விரிக்கும் ஆப்பு நிலைக்குப் பீட்சா என்றும், இணையாக வைப்பதற்கு ஃபிரெஞ்சு ஃபிரைஸ் என்றும் உலகமெங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெயரில் தவறில்லை. தவறு, அதை பிரேக் என்று கற்பிப்பதில்.

"பெரிய பீட்சா, இன்னும் பெரிய பீட்சா" என்று கத்தினால் குழந்தை குதிகாலை வெளியே தள்ளும், முட்டிகள் உள்ளே மடங்கும், இரண்டு ஸ்கீயும் உள்விளிம்பில் கூர்மையாக நிற்கும். அந்த நிலையில் கால் திரும்ப இடமே இல்லை. பூட்டின் பின்சுவரில் தொங்கிக்கொண்டு நேராக இறங்கும், தொடை கடுக்கும், சரிவு கூடினால் ஆப்பு பிடிக்காது. அப்போது பயம். பயந்த குழந்தை இன்னும் பின்னால் சாயும்.

இதற்கு மருந்து தரைதான். குழந்தை தானாகவே நின்றுவிடும் அளவுக்குத் தட்டையான இடத்துக்குத் திரும்பப் போங்கள். கீழே எதிர்ச்சரிவு ஒன்று இருந்தால் நல்லது. பல மலைகளில் இதற்காகவே பனியைக் கிண்ணம்போலச் செதுக்கி வைத்திருப்பார்கள். நிற்பதைப் பற்றிய கவலை போனதும் ஆப்பு தானாகச் சிறியதாகும். "சின்னத் துண்டு பீட்சா" கேளுங்கள். பிறகு பெருவிரல்கள் இரண்டும் மரத்தைப் பார்க்கட்டும். வேகத்தைக் குறைக்கும் வழி, திருப்பத்தை முடித்து மலைக்குக் குறுக்கே வருவதுதான் என்பது காலுக்குப் புரியவேண்டும். சீக்கிரமாக மேல் லிஃப்டுக்குக் கூட்டிப்போவதே இந்த வகுப்புகளில் நடக்கும் மிகப் பெரிய பிழை. பெற்றோருக்கு உயரம்தான் முன்னேற்றமாகத் தெரிகிறது; அதற்கு நீங்கள் இணங்கக்கூடாது.

ஸ்கீ முனைகளை இணைக்கும் ரப்பர் கிளிப், இடுப்பு வார் இவற்றைப் பயன்படுத்தலாமா?

முனைக் கிளிப்புக்குத் தனிப் பயன் உண்டு. மூன்று, நான்கு வயதில் கால் வலு போதாமல் ஸ்கீகள் விரிந்து ஓடும்போது அது முனைகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் குழந்தை கிளிப்புக்கு எதிராக இழுத்துக்கொண்டே போகப் பழகிவிடும். ஓரிரு ஓட்டங்கள் போட்டு, ஒரு ஓட்டம் கழற்றி, மாறி மாறிப் பாருங்கள். கழற்றினாலும் முனை சேர்ந்தே இருந்தால் அன்றே தூக்கி வையுங்கள்.

இடுப்பு வாரைப் பொறுத்தவரை நாம் கறாராகச் சொல்வது: வகுப்பில் வேண்டாம். பின்னாலிருந்து இழுக்கும் வாரில் குழந்தை சாய்ந்து தொங்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது தன் வேலை அல்ல என்று அது கற்றுக்கொள்கிறது. வாரோடு நாற்காலி லிஃப்டில் ஏறுவது ஆபத்தும்கூட, எதிலாவது மாட்டிக்கொள்ளும்.

ஊன்றுகோல் எப்போது கொடுக்கலாம்?

திருப்பங்களைத் தொடர்ச்சியாகச் செய்து, கை சும்மா இருக்கத் தெரிந்தபின். பெரும்பாலும் ஆறு, ஏழு வயதுக்கு முன் தேவையில்லை. முன்பே கொடுத்தால் அது வாளாகிவிடும்.

விழுந்த குழந்தையைத் தூக்கிவிடும் முறை?

கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளில், முக்கியமாக ஐந்து வயதுக்குள், நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் முழங்கைக்குள் ஆரை எலும்பின் தலை அதன் தசைநார் வளையத்திலிருந்து நழுவும். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. குழந்தை கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழும்.

முதலில் ஸ்கீகளை மலைக்குக் குறுக்கே, உடலுக்குக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். ஸ்கீ கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே ஓடிவிடும். உங்கள் ஸ்கீயை அதன் கீழே தடுப்பாக வைத்து, பக்கவாட்டில் கையூன்றி எழச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அக்குளுக்குக் கீழே உடம்போடு பிடித்து, உங்கள் முட்டியை மடக்கித் தூக்குங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை முதுகை வளைத்துத் தூக்குகிற பயிற்றுநர் பிப்ரவரிக்குள் இடுப்புவலியோடு விடுப்பில் போவார். முதல் அரைமணி நேரத்திலேயே எழுந்திருக்கும் விளையாட்டைக் கற்றுக்கொடுப்பது உங்களுக்கே நல்லது.

வகுப்பு தொடங்கும் முன் கருவிகளில் எதைப் பார்க்கவேண்டும்?

பூட்டுக்குள் ஒரே ஒரு காலுறை. கால்சட்டை விளிம்பு பூட்டுக்குள் மடிந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் புண். உள்பூட்டைக் கழற்றிவிட்டு, வெறும் வெளிக்கூட்டுக்குள் காலை முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடம். மூன்று விரல் போனால் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். தொடக்கக்காரருக்கு ஸ்கீயின் நீளம் மார்புக்கும் தாடைக்கும் நடுவே. ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரு விரல். கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் அந்த இடம் குளிரில் உறைந்துவிடும்.

பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் திருகை நீங்கள் தொடக்கூடாது. எடை, உயரம், பூட்டின் அடிநீளம், வயது, திறன் வகை பார்த்துப் பயிற்சி பெற்ற கடைக்காரர் வைக்கவேண்டிய அளவு அது. அட்டவணையில் 9 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஒரு வரிசை மேலே, குறைந்த அளவுக்குப் போய், எளிதில் விடுபடும்படி வைப்பார்கள். பெற்றோர் எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வதும், அண்ணனின் ஸ்கீயைத் தம்பிக்கு மாட்டிவிடுவதும் சகஜம். ஆகவே சந்தேகம் வந்தால் கடைக்கு அனுப்புங்கள். ஸ்கீ மாட்டவே மாட்டேன் என்கிறதா? பத்தில் ஒன்பது முறை பூட்டின் அடியில் ஒட்டிய பனிதான் காரணம். சுரண்டிவிட்டு மறுபடி மிதிக்கச் சொல்லுங்கள்.

நாற்காலி லிஃப்டில் குழந்தைகளை எப்படி ஏற்றுவது?

வகுப்பில் உள்ள எல்லா ஆபத்துகளிலும் நாம் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஏறுவதற்கு முன் வரிசையில் நிற்கும்போதே யார் யாரோடு என்று முடிவுசெய்துவிடுங்கள். சின்னக் குழந்தை தனியாக ஏறக்கூடாது. உங்கள் நாற்காலியில் இடம் போதாவிட்டால், வரிசையில் நிற்கும் பெரியவர்களைக் கேளுங்கள்: "குழந்தையோடு ஏறுவீர்களா? தூக்கிவைக்க உதவுவீர்களா?" வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் அடுத்தவரிடம் போங்கள். லிஃப்ட் இயக்குபவர் நிற்கும் பக்கத்து ஓர இருக்கையில் குழந்தை இருக்கவேண்டும். அவர் கைக்கு எட்டும். வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள், அது அவர் தினமும் செய்யும் வேலை. தொங்கும் வார், துப்பட்டாபோல் நீண்ட கழுத்துத்துணி, முதுகுப்பை எதுவும் இருக்கக்கூடாது.

நாற்காலி வருவதைத் தலைதிருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் முதுகு பின்னால் ஒட்டட்டும், பிறகு தடுப்புக் கம்பி கீழே. சரியாக உட்காரவில்லை என்றால் உடனே, உரக்க, "நிறுத்து!" என்று கூவவேண்டும். அரை இருக்கையில் இருக்கும் குழந்தையைத் தரை விலகியபின் மேலே இழுத்துப் போராடுவதே விபத்துகளின் தொடக்கம். தரைக்கு அருகில் இருக்கும்போது நிற்கவைப்பதுதான் பாதுகாப்பு. மேலே, இறங்கத் தயாராகும் பலகை வரும்வரை கம்பியைத் தூக்காதீர்கள். பின்னால் திரும்பி அடுத்த நாற்காலியில் இருக்கும் நண்பனைப் பார்க்கும் பழக்கம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. ஏறும் முன்பே தடைசெய்யுங்கள்.

நாற்காலிக்கு முன் மேஜிக் கார்ப்பெட் எனப்படும் நகரும் பட்டையில் பழக்கவேண்டும் என்பது பொதுவழக்கம். குழந்தை கேட்டவுடன் நின்று, இரு பக்கமும் திரும்பத் தெரிந்தபிறகே நாற்காலி.

ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு குழந்தை காணாமல்போனால்?

எண்ணிக்கையைப் பள்ளிகள் தாமே வைத்துக்கொள்கின்றன. வயது குறையக் குறைய எண்ணிக்கையும் குறையும். மூன்று வயதுக் குழந்தைகள் ஏழெட்டுப் பேரைத் தனியாளாக ஏற்கச் சொன்னால் மேற்பார்வையாளரிடம் துணை ஆள் கேளுங்கள்.

லிஃப்டில் ஏறும்முன், இறங்கியபின், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள். மெதுவாகப் போகும் குழந்தை உங்களுக்கு அடுத்தபடி. கெட்டிக்காரக் குழந்தை கடைசியில். நிற்குமிடம் ஓட்டத்தின் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரியும்படி. வந்துசேரும் குழந்தை ஏற்கெனவே நிற்பவர்களுக்குக் கீழே போய் நிற்கவேண்டும். மேலே நிறுத்த முயன்றால் வழுக்கி வந்து சீட்டுக்கட்டுபோல் எல்லோரையும் சரித்துவிடும்.

ஒருவர் குறைந்தால் குழுவை விட்டுத் தேடப் போகாதீர்கள். மற்றவர்களோடு நின்றுகொண்டு, மேற்பார்வையாளருக்கும் மலைக் காவல் குழுவுக்கும் சொல்லுங்கள்: மேலாடை நிறம், ஹெல்மெட் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், நேரம். காலையிலேயே இந்த நிறங்களைக் குறித்து வைத்திருந்தால் இப்போது யோசிக்க வேண்டியிராது. காணாமல்போனால் எங்கே நிற்பது என்று குழந்தைக்கும் முதல் ஓட்டத்துக்கு முன்பே சொல்லிவைக்கவேண்டும். மலையில் எல்லோருக்குமான பொறுப்பு விதிகள் 2022-இல் ஏழிலிருந்து பத்தாக விரிந்தன. நிலை 1 தேர்வில் அவற்றைக் கேட்பார்கள்.

குளிர், அழுகை, கழிப்பறை?

கன்னத்திலோ மூக்குநுனியிலோ மெழுகுபோல் வெளுத்த திட்டு தெரிந்தால் உறைவின் தொடக்கம். உள்ளே கூட்டிப்போய்ச் சூடான உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், தேய்க்கக்கூடாது. குழந்தை "குளிருது" என்று சொல்லாது, பேச்சை நிறுத்திவிடும். அதுதான் அறிகுறி. லிஃப்டில் ஏறும்முன் ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள்.

கழிப்பறைக்கு எல்லா உடைகளையும் மாட்டுவதற்கு முன்பே அனுப்பவேண்டும். ஒரு குழந்தையோடு நீங்கள் தனியாக மூடிய அறைக்குள் போகாதீர்கள். இன்னொரு பெரியவர் இருக்கட்டும், அல்லது கதவு திறந்திருக்கட்டும். பின்னணிச் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் பள்ளிகள் கேட்பவை. தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்பது, சொந்தக் கைபேசியில் குழந்தைகளைப் படம் எடுக்காமலிருப்பது, மாலையில் அடையாளச் சீட்டு காட்டியவரிடம் மட்டுமே ஒப்படைப்பது ஆகியவை பழக்கமாகவேண்டும். ஒவ்வாமை, மூச்சிழுப்பான், மருந்து விவரம் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். அலுவலகக் கோப்பில் இருந்து பயனில்லை.

அழுகைக்குக் காரணம் பல நேரம் வேலிக்கு அப்பால் நிற்கும் அம்மாவும் அப்பாவும்தான். அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் பாதி அழுகை அடங்கும். அடங்காதபோது பசியா, பூட் கடிக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்னோபோர்டில் இதெல்லாம் பொருந்துமா?

உடலும் மனமும் பற்றியவை அப்படியே பொருந்தும். கருவிதான் வேறு. மூன்று முதல் ஆறு வயதினருக்குப் பர்ட்டன் நிறுவனத்தின் ரிக்லெட் எனும் இழுகயிறு உண்டு. பலகையின் முனையில் மாட்டி, சமதளத்தில் நின்றபடியே இழுத்துப் போகலாம். குழந்தை சமநிலையை மட்டும் கற்கும். விறைப்பான பலகை சின்னக் காலுக்கு ஆகாது. வளையும் பலகை கேளுங்கள்.

மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர் வார இறுதியில் பயிற்றுநராக இருக்கலாமா?

தமிழர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி இதுதான், ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறோம். எச்-1பி குறிப்பிட்ட நிறுவனத்தில் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும். ஸ்கீ பள்ளியில் சம்பளம் வாங்க அது அனுமதிக்காது. எஃப்-1 மாணவருக்கு வளாகத்துக்கு வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். படிப்போடு தொடர்பு இல்லாத வேலைக்கு அது கிடைப்பது அரிது. "சம்பளம் வேண்டாம், இலவச லிஃப்ட் பாஸ் மட்டும்" என்பதும் ஊதியமாகக் கருதப்படலாம். நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ வேலை அனுமதி அட்டையோ இருந்தால் தடையில்லை. ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். பள்ளியின் பணியமர்த்தல் மேசை சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். வேலை செய்ய அனுமதி இல்லாதவரும் தம் பிள்ளைக்குத் தாமே சொல்லிக்கொடுப்பதில் தடையேதும் இல்லை. மேலே சொன்ன பூட், லிஃப்ட், தூக்கும் முறை அனைத்தும் அங்கும் பயன்படும்.

குல்மார்க்கில் கற்றவர்கள்?

காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத்துறையின் கீழ் ஸ்கீ, மலையேற்றப் பயிற்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. அங்கே கற்ற சறுக்கல் திறன் உங்களுக்குக் கைகொடுக்கும். அமெரிக்கத் தேர்வுக்கு அது மாற்றாகாது. நிலை 1-இலிருந்தே தொடங்கவேண்டும்.

ஒருமுறை வாங்கினால் போதுமா?

போதாது. ஆண்டுச் சந்தா கட்டவேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் தொடர்கல்வி நாட்களில் கலந்துகொள்ளவேண்டும். தவறினால் சான்றிதழ் செயலிழக்கும், மீட்கத் தனிக் கட்டணம். முதல் ஆண்டில் செலவாகப்போவது உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், தேர்வு நடக்கும் மலைக்குப் போய்த் தங்கும் செலவு. பல பள்ளிகள் தேறியவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன, மணிக்கூலியையும் உயர்த்துகின்றன. வேலையில் சேரும்போதே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.